ஷிப்ட் வேலையும் இதயமும்

ஒரு நாளை மூன்றாகப் பிரித்து, காலை 6 மணிக்கு ஒரு கூட்டம், பிற்பகல் 2 மணிக்கு இன்னொரு கூட்டம், இரவு 10 மணிக்கு மற்றொரு கூட்டம் என்று ஆட்களை மாற்றி வேலை வாங்குவது ஷிப்ட் முறை. நெய்வேலி அனல்மின் நிலையங்களிலும், கொங்கு வட்டாரத்து நூற்பாலைகளிலும், அரசு மருத்துவமனை வார்டுகளிலும், ரயில் ஓட்டுநர்களிடமும், காவல் நிலையங்களிலும், சென்னை பழைய மகாபலிபுரம் சாலையின் கணினி நிறுவனங்களிலும் இது ஏதோ ஒரு வடிவில் நடக்கிறது. திருப்பூரில் 'ஒன்றரை ஷிப்ட்' என்றால் 12 மணி நேர வேலை என்று யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. மின்சாரமும் மருத்துவமனையும் இரவில் நிற்க முடியாது. ஆகவே இரவு வேலையை ஒழிப்பது பற்றிய பேச்சுக்கு இடமில்லை. அந்த வேலை உடலை, குறிப்பாக இதயத்தை, எந்த வழியாகத் தாக்குகிறது, அந்தத் தாக்குதலில் எவ்வளவைக் குறைக்க முடியும் என்பவையே கேள்விகள்.

மூளையின் அடிப்பகுதியில், இரு கண்களிலிருந்தும் வரும் பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு தொகுதி இருக்கிறது. உடலின் தலைமைக் கடிகாரம் அதுதான். எப்போது உறக்கம் வர வேண்டும், எப்போது உடல் வெப்பம் ஏற வேண்டும், எந்த நேரத்தில் எந்தச் சுரப்பி சுரக்க வேண்டும் என்பதை அது முறைப்படுத்துகிறது. வெளிச்சம் இல்லாவிட்டாலும் இது ஓடும். ஜெர்மனியின் ஆண்டெக்ஸ் என்ற ஊரில் யூர்கன் ஆஷாஃப் 1960களில் நிலத்தடி அறைகளில் மனிதர்களைக் கடிகாரமின்றித் தங்கவைத்து இதைக் காட்டினார். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலும் எம். கே. சந்திரசேகரன் இத்தகைய தனிமை அறை ஒன்றை அமைத்து மனித உடலின் தாளத்தை ஆராய்ந்தார். மதுரையைச் சுற்றியுள்ள குகைகளின் வௌவால்கள் மீது அவர் செய்த பணியும் உலக அளவில் மதிக்கப்படுவது. உயிரணுவுக்குள் இந்தக் கடிகாரத்தை ஓட்டும் மரபணுக்களின் இயக்கத்தைக் கண்டறிந்ததற்காக ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கு 2017இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

மனிதக் கடிகாரத்தின் ஒரு சுற்று சராசரியாக 24 மணி நேரத்துக்குச் சில நிமிடங்கள் கூடுதல். அந்தக் கூடுதலைத் தினமும் சரிசெய்வது வெளிச்சம். கண்ணின் விழித்திரையில் காட்சியைப் பார்ப்பதற்கன்றி, வெளிச்சத்தின் அளவை மட்டும் மூளைக்குச் சொல்வதற்கென்றே சில உயிரணுக்கள் உண்டு. நீல ஒளிக்கு அவை மிகுதியாக இசையும். இரவில் மூளையிலுள்ள பினியல் சுரப்பி, மெலடோனின் என்ற இயக்குநீரைச் சுரக்கும். கண்ணில் வெளிச்சம் பட்டால் அது அடங்கிவிடும். இரவு முழுதும் குழல்விளக்கின் கீழ் நின்று வேலை செய்து, விடியலில் சூரியனை எதிர்கொண்டு வீடு திரும்புபவரின் கடிகாரம் இரவு வேலைக்கு ஏற்றபடி முழுவதும் திரும்புவதில்லை. பல ஆண்டுகள் இரவுப் பணி செய்தவர்களில் பெரும்பாலோருக்கும் நிலை இதுவே. 'பழகிவிட்டது' என்று சொல்பவருக்கு மனம் பழகியிருக்கும், கடிகாரம் பழகியிருக்காது.

இதயத்துக்கு இரவு என்பது இளைப்பாறும் நேரம். ஆழ்ந்த உறக்கத்தில் நாடித்துடிப்பு குறைகிறது; இரத்த அழுத்தம் பகலில் இருப்பதைவிட 10 முதல் 20 சதவீதம் வரை இறங்குகிறது. இரத்தக் குழாய்களின் சுவர்கள் நாள்தோறும் பெறும் ஓய்வு இது ஒன்றுதான். இந்த இறக்கம் 10 சதவீதத்துக்கும் குறைவாக உள்ளவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் சிறுநீரகப் பாதிப்பும் கூடுதலாக வருகின்றன. விடியற்காலையில் நிலைமை தலைகீழாகும். கார்டிசால் ஏறுகிறது, அட்ரினலின் ஏறுகிறது, அழுத்தம் ஏறுகிறது; இரத்தத் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்ளும் தன்மை கூடுகிறது; உறைந்த இரத்தத்தைக் கரைக்கும் ஆற்றலைத் தடுக்கும் ஒரு புரதமும் அந்த நேரத்தில்தான் உச்சத்தில் நிற்கிறது. மாரடைப்புகள் காலை 6 மணிக்கும் நண்பகலுக்கும் இடையே மிகுதியாக நிகழ்வதை 1985இல் அமெரிக்க ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். சுற்றுச் சூழலுக்கு மட்டுமல்ல, உள்ளிருக்கும் கடிகாரத்துக்கும் இதில் பங்கு உண்டு. இதயத் தசையின் ஒவ்வோர் உயிரணுவிலும், கல்லீரலிலும், கணையத்திலும், இரத்தக் குழாய்ச் சுவரிலும் தனித்தனிக் கடிகாரங்கள் ஓடுகின்றன. தலைமைக் கடிகாரம் வெளிச்சத்தைப் பார்த்து நடக்கிறது. கல்லீரலின் கடிகாரம் சாப்பாட்டு நேரத்தைப் பார்த்து நடக்கிறது. இரவு ஷிப்டில் இவை இரண்டும் வேறு வேறு நேரம் காட்டத் தொடங்குகின்றன. பாடகர் ஒரு காலத்திலும் மிருதங்கம் இன்னொரு காலத்திலும் போகும் கச்சேரிபோல, உறுப்புகள் ஒவ்வொன்றும் நன்றாக இருந்தும் மொத்தம் குலைகிறது.

நைட் ஷிப்ட் முடிந்து வருபவரின் பகலைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். 6 மணிக்கு வேலை விடுகிறது. அடுத்த ஷிப்ட்காரரிடம் ஒப்படைத்து, பஸ் பிடித்து, வீட்டுக்கு வர 7 மணி தாண்டிவிடும். குளித்து, நான்கு இட்லி சாப்பிட்டுப் படுக்கும்போது மணி எட்டரை. அந்த நேரத்தில் உடல் வெப்பம் ஏறிக்கொண்டிருக்கும். உடல் அவரை எழுப்பும் வேலையில் இருக்கும். களைப்பினால் முதல் இரண்டு மூன்று மணி நேரம் அடித்துப்போட்டாற்போல் உறக்கம் வரும். அதன்பின் சித்திரை வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை இறக்கும் அனல், தெருவில் காய்கறி வண்டியின் ஒலிபெருக்கி, கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவரின் தட்டல், பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி. நண்பகலுக்குள் விழிப்பு வந்துவிடும். பிறகு புரண்டு படுப்பதுதான். இரவு உறக்கத்தோடு ஒப்பிட்டால் இந்தப் பகல் உறக்கம் 2 முதல் 4 மணி நேரம் குறைவு என்று ஸ்வீடனின் டோர்பியார்ன் ஓக்கர்ஸ்டெட் போன்றோரின் ஆய்வுகள் சொல்கின்றன. காலை ஷிப்டும் எளிதன்று. 6 மணிக்கு ஆலை வாசலில் நிற்க வேண்டியவர் 4 மணிக்கு எழுகிறார். ஆனால் முந்தின இரவு 8 மணிக்கே படுக்க அவருடைய கடிகாரமும் வீடும் இடம் தருவதில்லை.

பெண்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் கடினம். இரவுப் பணி முடித்து வரும் செவிலியர் செருப்பைக் கழற்றியதும் அடுப்படிக்குப் போகிறார். பிள்ளைகளுக்குச் சாப்பாடு கட்டி, பள்ளி வேனில் ஏற்றி, மாமியாரின் மருந்தைப் பார்த்து எடுத்துக் கொடுத்து, அவர் தலை சாயும்போது 10 மணி ஆகிவிடுகிறது. 'பகல் முழுக்க வீட்டில்தானே இருக்கிறாய்' என்ற பேச்சு வேறு. பகலில் தூங்கும் பெண்ணைச் சோம்பேறி என்று பார்க்கும் வீடு, அவருடைய இதயத்துக்குத் தீங்கு செய்கிறது என்று சொன்னால் அது மிகைப்படுத்தல் ஆகாது.

உறக்கக் குறைவு தனியாகவே இதயத்துக்குப் பகை. 2011இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், குறைவாக உறங்குபவர்களுக்கு இதயத் தமனி நோய் வரும் வாய்ப்பு 48 சதவீதமும் பக்கவாத வாய்ப்பு 15 சதவீதமும் கூடுதலாகக் காணப்பட்டன. உறக்கத்தின் அளவோடு ஒழுங்கும் சேர்த்துப் பார்க்கப்பட வேண்டும். அமெரிக்காவில் பல இனத்தவரைச் சேர்த்து நடந்த ஆய்வு ஒன்றின் முடிவு 2020இல் வந்தது. உறங்கும் கால அளவு நாளுக்கு நாள் 2 மணி நேரத்துக்கும் மேல் மாறுபட்டவர்களுக்கு இதயநோய் வாய்ப்பு ஒழுங்காக உறங்குபவர்களைவிட இரு மடங்குக்குச் சற்று அதிகம். அமெரிக்க இதயச் சங்கம் 2022இல் இதய நலத்துக்கான அடிப்படை அளவுகோல்களை எட்டாக விரித்தபோது, உறக்கத்தை எட்டாவதாகச் சேர்த்தது. பெரியவர்களுக்கு 7 முதல் 9 மணி நேரம் என்பது அதன் அளவு.

நேரம் தவறுவதன் விளைவை மட்டும் பிரித்துக் காட்டியது பாஸ்டனில் பிராங்க் ஷேர் குழுவினர் செய்த சோதனை. 10 பேரை வெளியுலகத் தொடர்பில்லாத ஆய்வுக்கூடத்தில், மங்கலான வெளிச்சத்தில் தங்கவைத்தார்கள். அங்கே ஒரு 'நாள்' என்பது 28 மணி நேரம். உண்பதும் உறங்குவதும் அந்தக் கணக்கில் தள்ளிக்கொண்டே போக, உடற்கடிகாரம் தன் 24 மணிக் கணக்கிலேயே நின்றது. சில நாட்களில் இரண்டுக்கும் இடையே 12 மணி நேர விலகல் ஏற்பட்டது. நைட் ஷிப்டில் இருப்பவரின் நிலை அதுவே. அப்போது பசியடக்கும் லெப்டின் 17 சதவீதம் குறைந்தது. இன்சுலின் 22 சதவீதம் கூடியும் இரத்தச் சர்க்கரை 6 சதவீதம் உயர்ந்தே இருந்தது. சராசரி இரத்த அழுத்தம் 3 சதவீதம் ஏறியது. கார்டிசால் சுரப்பு முற்றிலும் தலைகீழானது. நல்ல உடல்நலத்தோடு உள்ளே போனவர்களில் சிலருக்கு, உணவுக்குப் பிந்தைய சர்க்கரை நீரிழிவுக்கு முந்தைய நிலையைத் தொட்டது. இவ்வளவும் 10 நாள் சோதனையில். முடிவுகள் 2009இல் வெளியாயின.

சோதனைக்கூடத்துக்கு வெளியே, தொழிலாளர்களிடமிருந்து வந்த முதல் வலுவான சான்று ஸ்வீடனில் ஒரு காகித ஆலையிலிருந்து கிடைத்தது. ஆண்டர்ஸ் க்னுட்சனும் உடன் ஆய்வாளர்களும் 504 தொழிலாளர்களை 15 ஆண்டுகள் பின்தொடர்ந்து, 1986இல் 'லான்செட்' இதழில் எழுதினார்கள். 11 முதல் 15 ஆண்டுகள் ஷிப்டில் இருந்தவர்களுக்குப் பகல் தொழிலாளரைவிட 2.2 மடங்கும், 16 முதல் 20 ஆண்டுகள் இருந்தவர்களுக்கு 2.8 மடங்கும் இதயத் தமனி நோய் வாய்ப்பு காணப்பட்டது. 20 ஆண்டைக் கடந்தவர்களிடம் அந்த எண் இறங்கியது. ஷிப்ட் அவர்களைக் காத்தது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. தாங்க முடியாதவர்கள் இடையிலேயே விலகிவிட, உறுதியான உடல்வாகு உள்ளவர்கள் மட்டுமே எஞ்சியிருப்பதால் வரும் தோற்றம் அது. 'முப்பது வருஷம் நைட் பார்த்தவர், கல்லுமாதிரி இருக்கிறார்' என்று எந்த ஆலையிலும் ஒருவரைச் சுட்டிக்காட்டுவார்கள். பாதியில் கணக்கு முடித்துப் போனவர்கள் அந்தப் பேச்சில் வருவதில்லை.

அமெரிக்கச் செவிலியர் ஆய்வு அளவில் மிகப் பெரியது. 1,89,158 செவிலியரை 24 ஆண்டுகள் தொடர்ந்த கணக்கு 2016இல் வந்தது. சுழற்சி இரவுப் பணியில் 10 ஆண்டுகளோ அதற்கு மேலோ இருந்தவர்களுக்கு இதயத் தமனி நோய் வாய்ப்பு 15 முதல் 18 சதவீதம் வரை கூடுதல். இரவுப் பணியை விட்டபின் ஆண்டுகள் செல்லச் செல்ல இந்தக் கூடுதல் குறைந்துவந்ததும் அதே ஆய்வின் ஒரு பகுதியில் தெரிந்தது. அதற்கு முன், 2012இல், 34 ஆய்வுகளையும் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோரையும் ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது ஷிப்ட் தொழிலாளருக்கு மாரடைப்பு 23 சதவீதமும், இரத்த ஓட்டத் தடையால் வரும் பக்கவாதம் 5 சதவீதமும் அதிகம் என்று தெரிந்தது. இந்தச் சதவீதங்களை நிதானத்தோடு படிக்க வேண்டும். 23 சதவீதம் கூடுதல் என்றால், நூறு பேரில் 10 பேருக்கு வரக்கூடியது 12 பேருக்கு வருகிறது என்ற அளவு. தனி மனிதருக்கு இது பெரும் பீதிக்குக் காரணமாகாது. ஆனால் ஒரு நாட்டின் ஷிப்ட் தொழிலாளர் அனைவரையும் வைத்துக் கணக்கிட்டால், அந்த இரண்டு பேர் பெரும் கூட்டமாகிவிடுகிறார்கள். புகைப்பழக்கமும் வருமானக் குறைவும் ஷிப்ட் தொழிலாளரிடையே மிகுதி என்பதும் உண்மை. அவற்றைக் கழித்துப் பார்த்தாலும் ஷிப்டின் பங்கு ஓரளவு எஞ்சுகிறது.

தெற்காசியருக்கு இது கூடுதல் சுமை. உலகளாவிய இன்டர்ஹார்ட் ஆய்வில், தெற்காசியர் முதல் மாரடைப்பைச் சந்தித்த இடைநிலை வயது 53. பிற நாட்டவருக்கு ஏறத்தாழ 59. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் நீரிழிவுடன் 10 கோடிக்கும் மேற்பட்டோர் இருப்பதாக மதிப்பிட்டது. ஏற்கெனவே சர்க்கரையின் விளிம்பில் நிற்கும் உடலுக்கு நள்ளிரவுச் சாப்பாடு நேராகத் தீங்கு செய்கிறது. இரவு 2 மணிக்கு ஆலைக் கேண்டீனில் கிடைப்பது சர்க்கரை தூக்கலாகப் போட்ட டீ, போண்டா, அல்லது வெளிக்கடையின் பரோட்டா, சால்னா. மெலடோனின் உயர்ந்திருக்கும் அந்த நேரத்தில் கணையம் மந்தமாக இயங்கும். அதே பரோட்டா பகலில் ஏற்றுவதைவிட இரவில் சர்க்கரையைக் கூடுதலாக ஏற்றும். சாரா செல்லப்பாவும் ஷேரும் சேர்ந்து 2021இல் வெளியிட்ட சோதனையில், இரவில் விழித்திருந்தாலும் பகலில் மட்டும் உண்டவர்களுக்குச் சர்க்கரை ஏறவில்லை. இரவில் உண்டவர்களுக்கு 6.4 சதவீதம் ஏறியது. 2025இல் அவர்களே வெளியிட்ட அடுத்த முடிவு இதயத்தைப் பற்றியது. பகலில் மட்டும் உண்டவர்களிடம் இரத்த அழுத்தமும், உறைதலைக் கூட்டும் புரதமும் இரவுப் பணியால் மோசமாகவில்லை. பங்கேற்றவர்கள் சிலரே, எல்லாரும் இளைஞர்கள் என்பதால் இதைக் கடைசிச் சொல்லாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனாலும் செலவே இல்லாத ஒரு வழி என்பதால் கவனிக்கத் தக்கது. 10 மணிக்கு முன்பே இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு, இடையில் பசித்தால் மோர், சுண்டல், ஒரு கொய்யா என்று நிறுத்திக்கொள்ளலாம். நீரிழிவு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மட்டும் மருத்துவரிடம் கேட்ட பிறகே சாப்பாட்டு நேரத்தை மாற்ற வேண்டும்.

குறட்டையைப் பற்றியும் ஒரு சொல். உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோய், பருமனான ஓட்டுநர்களிடமும் காவலர்களிடமும் அடிக்கடி காணப்படுவது. ஒவ்வொரு முறை மூச்சு நிற்கும்போதும் ஆக்சிஜன் இறங்கி, அழுத்தம் எகிறும். பகலில் தூங்கி வழிவதை ஷிப்டின் தலையில் போட்டுவிடுவதால் இந்த நோய் கண்டுபிடிக்கப்படாமலே போகிறது.

தடுப்பு என்றதும் தொழிலாளிக்கு அறிவுரை சொல்வது எல்லாருக்கும் எளிதாக இருக்கிறது. ஆனால் சான்றுகள் முதலில் சுட்டுவது அலுவலகத்தில் தயாராகும் ஷிப்ட் அட்டவணையைத்தான். ஸ்டாக்ஹோம் காவலர்களிடம் கிறிஸ்டினா ஓர்த்-கோமேர் 1983இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சிறந்த சான்று. அந்தக் காவலர்களின் ஷிப்ட் இரவு, மாலை, காலை என்று பின்னோக்கிச் சுழன்றுவந்தது. அதைக் காலை, மாலை, இரவு என்று முன்னோக்கித் திருப்பினார்கள், வேறெதையும் மாற்றவில்லை. நான்கு வாரங்களில் இரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பும் சர்க்கரையும் குறைந்தன, மேல் அழுத்தம் இறங்கியது, உறக்கம் மேம்பட்டது. மனிதக் கடிகாரம் 24 மணியைவிடச் சற்று நீளம் என்பதால் தாமதமாகப் படுப்பது அதற்கு எளிது, முன்கூட்டிப் படுப்பது கடினம், காரணம் அவ்வளவுதான். அமெரிக்காவில் யூட்டா மாநிலத்து கனிமத் தொழிற்சாலை ஒன்றிலும் இதே மாற்றம் 1982இல் பலன் தந்தது. ஒரு மாத்திரையும் இன்றி, ஒரு ரூபாய்ச் செலவுமின்றி, காகிதத்தில் வரிசையை மாற்றி எழுதியதால் வந்த பலன் இது. இது தெரிந்த பிறகும் பின்னோக்கிச் சுழலும் அட்டவணையை ஒரு நிர்வாகம் வைத்திருப்பதற்கு நியாயம் சொல்ல முடியாது.

ஷிப்டுக்கும் ஷிப்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி அடுத்தது. இரவு 10 மணிக்கு விட்டு மறுநாள் காலை 6 மணிக்கு வரச்சொன்னால், போக்குவரத்தும் சாப்பாடும் போக உறக்கத்துக்கு 5 மணி நேரம் மிஞ்சினால் அதிகம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003ஆம் ஆண்டு நெறிமுறை, நாள்தோறும் தொடர்ச்சியாக 11 மணி நேர ஓய்வையும், இரவுப் பணியாளருக்கு இலவச மருத்துவப் பரிசோதனையையும் கட்டாயமாக்கியது. உலகத் தொழிலாளர் அமைப்பின் 1990ஆம் ஆண்டு உடன்படிக்கையும் இரவுப் பணியாளரின் உடல்நலப் பரிசோதனையை உரிமையாகக் கூறுகிறது. இந்தியாவில் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு கட்டியது. பெண் தொழிலாளரின் ஷிப்டை வார விடுமுறைக்கோ வேறொரு விடுமுறைக்கோ பிறகுதான் மாற்றலாம் என்று அதில் ஒரு நல்ல விதி இருந்தது. அது ஆண்களுக்கும் வேண்டியதுதான். தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலில், வேலை நாளை 12 மணி நேரம் வரை நீட்டிக்க வழிவிடும் சட்டத்திருத்தம் பேரவையில் நிறைவேறி, தொழிற்சங்கங்களின் எதிர்ப்பால் மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. அந்த விவாதம் பெரும்பாலும் உரிமை, ஊதியம், முதலீடு என்ற சொற்களில் நடந்தது. இதயம் என்ற சொல்லும் அதில் இடம்பெற்றிருக்க வேண்டும்.

தொழிலாளி தானே செய்துகொள்ளக் கூடியவையும் உண்டு. நைட்டுக்குப் போகுமுன் மாலையில் ஒன்றரை மணி நேரம் உறங்குவது; வாய்ப்புள்ள இடத்தில் நடு இரவில் 20 நிமிடம் கண்ணயர்வது; டீ, காபியை இரவு 2 மணியோடு நிறுத்துவது, ஏனெனில் குடித்த காஃபீனில் பாதி வெளியேறவே ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும்; படுக்கும் அறையின் சன்னலில் கெட்டியான கருப்புத் துணி தொங்கவிட்டு, போனை வேறு அறையில் வைப்பது. உறக்கத்துக்காக மதுவையோ, கடையில் சும்மா வாங்கும் மாத்திரையையோ நாடினால் உறக்கமும் கெடும், இதயமும் கெடும். உறக்கக் கலக்கத்தோடு இருசக்கர வண்டி ஓட்டுவது எல்லாவற்றையும்விட உடனடியான ஆபத்து.

ஷிப்ட் தொழிலாளரின் இரத்த அழுத்தத்தைப் பகலில் ஒரு முறை பார்த்து 'நார்மல்' என்று எழுதிவிட்டால் போதாது. இரவு வேலைக்கு நடுவிலும் பார்க்க வேண்டும். முடிந்தால் 24 மணி நேரம் கையில் கட்டியிருக்கும் கருவியால், உறக்கத்தில் அழுத்தம் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். மாத்திரையைக் 'காலையில் ஒன்று' என்று எழுதித்தரும் மருத்துவர், காலை என்பது இவருக்குப் படுக்கும் நேரமா எழும் நேரமா என்று கேட்பதில்லை. 'என்ன ஷிப்ட் பார்க்கிறீர்கள்?' என்ற ஒரு கேள்வி புறநோயாளிச் சீட்டில் வயதுக்கும் எடைக்கும் பக்கத்தில் இடம்பெற வேண்டும். தமிழ்நாடு அரசு 2024 தொடக்கத்தில் 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' என்று வேலை நடக்கும் இடத்திலேயே அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் திட்டத்தைத் தொடங்கியது. அந்தக் குழுக்கள் பகல் ஷிப்டில் மட்டும் வந்துபோனால், மிகவும் தேவைப்படுபவர்கள் அப்போது வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

கடைசியாக ஒன்று. விடியும் நேரத்தில், ஷிப்ட் முடியும் தறுவாயில் நெஞ்சில் பாரமோ, இடது தோளிலும் தாடையிலும் பரவும் வலியோ, காரணமில்லாத வியர்வையோ வந்தால், இரவு கண்விழித்த அலுப்பு என்றும் வாயு என்றும் நினைத்து, ஒரு சோடா குடித்துவிட்டுப் படுக்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள். நீரிழிவு உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் மூச்சுத்திணறல் மட்டும் வரலாம். இதயத் தசைக்கு அடைபட்ட குழாயை எவ்வளவு சீக்கிரம் திறக்கிறோமோ அவ்வளவு தசை பிழைக்கும். தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் 2023இலிருந்து 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி முதல் தவணை மாத்திரைகள் தரப்படுகின்றன. அந்த நேரத்தில் வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஏற வேண்டாம்; வண்டியையும் தானே ஓட்ட வேண்டாம்; உடன் வேலை செய்பவர் யாராக இருந்தாலும் 108ஐ அழைக்கட்டும்.